கன்ட்ரோல் பேசுகிறேன்

வாடகைக் கார் நிறுவனத்தின் வயர்லெஸ் அறையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையில் இருந்தது, அதோடு சரி. ஓட்டுநர்களுக்கு அவர் கன்ட்ரோல். முடிவெட்டுகிறவருக்கும் கன்ட்ரோல். நல்ல மனநிலையில் இருந்தால் பெண்டாட்டிக்கும் கன்ட்ரோல். அறுபத்து நான்கு வண்டிகள், சுவரில் ஒரு நகர வரைபடம், அதன் மூலையில் என்றோ தேநீர் சிந்திய கறை, மேஜையில் கழுத்து வளைந்த ஒரு மைக், காலடியில் ஒரு பெடல். மிதித்தால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இவ்வளவுதான் அவர் ஆண்ட ராஜ்ஜியம்.

“கன்ட்ரோல் பேசுறேன். என்னடா பதினேழு, நீ முழிச்சிட்டியா, இல்ல வண்டி மட்டும்தான் முழிச்சிருக்கா?”

பதினேழாம் நம்பர் வண்டியை ஓட்டியவருக்குக் கொட்டாவி என்று பெயர். பெயர்க் காரணம் சொல்லத் தேவையில்லை. இப்படிக் காலையில் ஒரு குத்து வாங்கினால்தான் அவருக்குப் பொழுது விடியும். மற்ற அறுபத்து மூன்று பேருக்கும், அவர் வாங்குவதைக் கேட்டால்தான் விடியும்.

கன்ட்ரோலின் தொண்டைக்குள் ஒரு கூட்டமே குடியிருந்தது. யாரைப் போல வேண்டுமானாலும் பேசுவார். அதில் அவருடைய தலைசிறந்த உருப்படி, மச்சான். மனைவியின் அண்ணனான அந்த மனிதர், எங்கே நாலு நாற்காலி போட்டாலும் நடு நாற்காலியில் உட்கார்ந்து தலைமை தாங்குகிறவர். கூட்டம் இல்லாத நாட்களில் வீட்டுக்குத் தலைமை தாங்குவார். பேச்சு வழக்கு என்ற ஒன்று உலகத்தில் இருப்பது அவர் காதுக்கு எட்டியதே இல்லை போல நடந்துகொள்வார். கடையில் போய், “நீல மையுடைய எழுதுகோல் ஒன்று கிடைக்குமா?” என்று கேட்பார். கடைக்காரர் “பேனாவா சார்?” என்றால், ஏதோ கெட்ட வார்த்தை காதில் விழுந்தது போல முகம் சுளிப்பார். கன்ட்ரோல் அவருக்கு வைத்த பெயர் தலைமையுரை.

ஒன்பது வருடத்துக்கு முன் நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்கு வாழ்த்த வந்த தலைமையுரை, ‘வண்டியோட்டும் தோழர்களுக்கும் இரு சொல்’ என்று வயர்லெஸ் அறைக்குள் புகுந்து பெடலை மிதித்தார். மிதித்த காலை எடுக்க முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதுவரை ஒரு வண்டிக்கும் வேறு சேதி போகவில்லை. வண்டிக்குக் காத்திருந்த பதினோரு பேர் மழையில் நனைந்தார்கள். அதன் பலனாக இரண்டு சீர்திருத்தங்கள் வந்தன. யார் மிதித்தாலும் இருபது நொடியில் இணைப்பு தானாக அறுந்துபோகும் ஏற்பாடு ஒன்று. விதிப் புத்தகத்தில் புதிதாக ஏழாவது விதி இன்னொன்று. அதைக் கன்ட்ரோலே சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொண்டார்: ‘ஒலிபரப்பு அறையில் பணிபுரிவோர் வண்டியோட்டிகளிடம் இயல்பான பேச்சு வழக்கிலேயே உரையாட வேண்டும், மேடை மொழி அறவே தவிர்க்கப்பட வேண்டும்.’

பேச்சு வழக்கில் பேசு என்று சொல்லும் விதியை ஏன் பேச்சு வழக்கில் எழுதவில்லை என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. விதி என்றால் அப்படித்தான் இருக்கும்.

நோய் வலது கைக் கட்டைவிரலில் ஆரம்பித்தது. சும்மா இருக்கும்போது மாத்திரை உருட்டுவது போல அது தானாக உருண்டது. பிறகு கையெழுத்து சுருங்கிச் சுருங்கி எறும்பு வரிசை ஆயிற்று. நரம்பு டாக்டர் விரலைத் தட்டச் சொல்லி, நடந்து காட்டச் சொல்லி, முழங்கையை மடக்கிப் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் என்றார். அந்தச் சொல் வண்டி நிறுத்துமிடம் போய்ச் சேர்வதற்குள் பார்க்கிங் ஆகிவிட்டது.

“கன்ட்ரோலுக்கு பார்க்கிங் வியாதியாம்.”

“எவ்வளவு நேரத்துக்காம்?”

கன்ட்ரோலுக்கு இந்த ஜோக் பிடித்திருந்தது. அதை எடுத்து வயர்லெஸ்ஸில் நாலு சுற்று சுற்றிவிட ஆசைப்பட்டார். முடியவில்லை. கை நடுங்கினால் அவருக்குக் கவலையில்லை, பெடல் காலில் இருக்கிறது. ஆனால் நோய் குரலுக்கு ஏறியிருந்தது. சொற்கள் கிளம்பும்போதே ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டன. முதல் எழுத்து தொண்டையிலேயே தங்கிவிட, மிச்சம் மூக்கு வழியாகக் கசிந்தது. அவர் காதுக்கு மட்டும் எப்போதும் போலத்தான் கேட்டது. அதுதான் கொடுமை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடிந்து களைத்துப்போய் நின்ற ஒரு பெரியவரை ஏற்றிக்கொள்ளக் கொட்டாவியை அனுப்பினார். இவர் சொன்னது “பின் வாசல்.” முதல் எழுத்தை விழுங்கிவிட்டால் பின் வாசலுக்கும் முன் வாசலுக்கும் என்ன வித்தியாசம்? கொட்டாவி முன் வாசலில் வண்டியை நிறுத்தி நிம்மதியாகத் தூங்க, பெரியவர் பின் வாசலில் நாற்பது நிமிடம் நின்றார். பிறகு நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்தார். பிறகு அவர் மகள் புகார் எழுதினாள்.

மேலாளர் வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நேற்று சாப்பிட்டீர்களா என்று கேட்டாலும் தரவுகளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்கிற ரகம். கெட்டவர் இல்லை.

“ஆறு வாரம் டைம் தர்றேன் சார். அதுக்கப்புறம் ஒரு தகுதிச் சோதனை வைப்போம். நீங்க சொல்றது டிரைவருங்களுக்குப் புரிஞ்சா மைக் உங்களுது. புரியலைன்னா சாவி அறை. வேலை போகாது, பயப்படாதீங்க.”

சாவி அறை என்பது ஒரு ஜன்னல், அறுபத்து நான்கு கொக்கிகள். காலையில் சாவியைக் கொடுக்க வேண்டும், மாலையில் வாங்கி மாட்ட வேண்டும். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டிய அவசியமில்லை. ஓய்வு பெற நாலு வருடம் இருந்தது. அந்த நாலு வருடமும் கொக்கியில் தொங்குவதை நினைத்துப் பார்த்த கன்ட்ரோலுக்கு, முதல் தடவையாக, நோயைக் கண்டு பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தலைமையுரை ஆறுதல் சொல்ல வந்தார். தங்கை போட்டுவந்த தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, எதிரில் இருந்தவர்கள் இரண்டே பேர் என்பதைப் பொருட்படுத்தாமல் தொண்டையைச் செருமினார்.

“மாப்பிள்ளை அவர்களே! நோய் என்பது உடலுக்குத்தானே அன்றி உள்ளத்திற்கு அன்று. காலம் என்னும் மருத்துவர் கனிவோடு வருவார்…”

காலம் என்னும் மருத்துவர் வருவதற்குள் தேநீர் ஆறிவிடும்போல் இருந்தது. கன்ட்ரோல் ஒரு வாய் குடித்தார். சர்க்கரை இல்லை. மனைவியைப் பார்த்து, சர்க்கரை போட மறந்துட்ட என்று சொன்னார். அவளுக்குக் கேட்டது ஏதோ முனகல்.

“என்னங்க? வலிக்குதா?”

மறுபடி சொன்னார். “ஜன்னலைச் சாத்தணுமா?” என்றாள் அவள். மூன்றாம் தடவை சொன்னார். தலைமையுரை கையமர்த்தி, “விடம்மா, அவர் உள்ளம் உருகிப் பேசுகிறார்” என்றார்.

அதைக் கேட்டதும் கன்ட்ரோலுக்கு வயிறு எரிந்தது. இருபத்தைந்து வருடப் பழக்கம். மச்சான் இப்படி நெஞ்சை நிமிர்த்தினால் இவர் நெஞ்சும் தானாக நிமிரும், அதே மாதிரி பேசிக் காட்டச் சொல்லும். நிமிர்ந்தார். செருமினார். தலைமையுரையின் குரலிலேயே சொன்னார்:

“அன்புடையீர்! இத்தேநீரில் சர்க்கரை இடப்படவில்லை!”

சொற்கள் கழுவிக் கவிழ்த்த டம்ளர் வரிசை மாதிரி தனித்தனியாக வந்து விழுந்தன. மனைவி கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தாள். கன்ட்ரோலே தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கேலி செய்யப்பட்ட தலைமையுரைக்கு மட்டும் கேலி என்று படவில்லை. கண் கலங்கிவிட்டது.

“இத்தனை ஆண்டுகள் கழித்து நல்ல மொழிக்குத் திரும்பிவிட்டீர்கள் மாப்பிள்ளை. என் உழைப்பு வீண்போகவில்லை.”

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், கண்ணாடியும் டேப் ரெக்கார்டரும் இருக்கிற சின்ன அறையில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை மனைவி சொல்லக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. கன்ட்ரோலை முதலில் சாதாரணமாகப் பேசச் சொன்னாள், பிறகு மச்சான் மாதிரி. இரண்டையும் பதிவு செய்து போட்டுக் காட்டினாள். முதலாவதைக் கேட்ட கன்ட்ரோல், “இது… யாரு?” என்றார். அதுவும் சரியாக வரவில்லை.

“சார், நீங்க டாக்ஸி கம்பெனிதானே? அப்ப இப்படிச் சொல்றேன். வீட்ல, தெருவுல பேசுற பேச்சு, குழந்தையா இருக்கும்போதே வாய்ல ஏறினது. யோசிக்காம வரும். அது ஆட்டோ கியர் வண்டி. எழுத்து மொழி அப்படி இல்ல. பெஞ்சுல உட்கார்ந்து, வாத்தியார்கிட்ட அடி வாங்கிக் கத்துக்கிட்டது. ‘இருக்கு’ன்னு வாயில வர்றதை ‘இருக்கிறது’ன்னு மாத்தணும். ஒவ்வொரு சொல்லுக்கும் கையால கியர் போடணும். ஒரு வகையில அது உங்களோட ரெண்டாவது மொழி. இந்த நோய் முதல்ல கை வைக்கிறது தானா நடக்கிற விஷயங்கள்லதான். உங்களுக்கு ஆட்டோ கியர் பாழாயிருக்கு. கை கியர் இன்னும் வேலை செய்யுது.”

“அப்ப இதுதான் மருந்தாம்மா?” என்று மனைவி கேட்டாள்.

“மருந்தெல்லாம் இல்ல. நோய் அது பாட்டுக்கு இருக்கும், மாத்திரையை நிறுத்தக் கூடாது. ரெண்டு மொழி தெரிஞ்ச சிலருக்கு இப்படி நடக்கிறது உண்டு. பின்னால கத்துக்கிட்ட மொழி, முன்னால கத்துக்கிட்டதைவிட நல்லா வரும். எல்லாருக்கும் வராது. வேற வியாதியில தலைகீழாவும் நடக்கும். பின்னால வந்த மொழி முதல்ல போயிடும்.” அவள் கன்ட்ரோல் பக்கம் திரும்பினாள். “கோபம் வந்தா, திடுக்குன்னு ஆச்சுன்னா, பழைய பேச்சு சில சமயம் தானாவே பளிச்சுனு வரும் சார். அதை நம்பி வேலை பார்க்க முடியாது. கை கியரையே பழகுங்க. தினமும் ஒரு மணி நேரம். சத்தமா, குட்டிக் குட்டி வாக்கியமா.”

பழகினார். குளியலறைக் கதவு, அலமாரி, மின்விசிறி எல்லாவற்றுக்கும் முகவரி சொல்லி அனுப்பினார். பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். ‘கீழே’ என்ற ஒரு சொல்லுக்கு, முன்பு அரை நாள் அரட்டைக்கு ஆன பலம் செலவாயிற்று. அதனால் வேண்டாத சொல்லெல்லாம் தானாக உதிர்ந்தது. மச்சான் குரலில் தொடங்கியது, மச்சானிடம் எந்தக் காலத்திலும் இல்லாத சிக்கனத்துக்கு வந்து சேர்ந்தது.

வீட்டில்தான் சங்கடம். “துணி காய்ந்துவிட்டது. எடுக்கவா?” என்று அவர் கேட்டால் மனைவிக்கு ஏதோ அரசாங்க அலுவலகத்தில் வரிசையில் நிற்பது போலிருந்தது.

“என்கிட்ட நோட்டீஸ் ஒட்டுற மாதிரி பேசாதீங்கங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்க அண்ணன் வாயிலேருந்து தப்பிச்சு வந்துட்டோம்னு நெனச்சிட்டிருந்தேன்.”

அவருக்குச் சுருக்கென்றது. ‘ஏய் வாயாடி’ என்று அவளைக் கூப்பிடுவார் முன்பு. அதை எழுத்து மொழியில் எப்படிக் கூப்பிடுவது? ‘வாயாடியே’ என்று ஒரு நாள் கூப்பிட்டும் பார்த்தார். அவள் சண்டைக்கு வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தாள்.

வயர்லெஸ்ஸில் வேறு மாதிரி போயிற்று. ஐந்தாவது வாரம் அவர் பெடலை மிதித்து, “கன்ட்ரோல் பேசுகிறேன். வண்டி முப்பது. பழைய பாலம். கீழ்ப்புறம்” என்றபோது நிறுத்துமிடமே விழுந்து விழுந்து சிரித்தது.

“உத்தரவு மகாராஜா!” என்றான் முப்பது.

“புறப்பட்டுவிட்டேன் மன்னா, ஆனால் முன்னால ஒரு லாரி மறிச்சிட்டு நிக்குது மன்னா!” என்றான் கொஞ்சம் கழித்து.

சிரித்தார்கள். ஆனால் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாலு நாளில் சிரிப்பு பழகிவிட்டது.

மேலாளருக்குத்தான் பழகவில்லை. அவர் சோதனைக்கு முந்தின நாள் விதிப் புத்தகத்தைப் புரட்டி ஏழாவது விதியில் விரலை வைத்துக்கொண்டு கன்ட்ரோலைக் கூப்பிட்டார்.

“சார், நீங்க பேசுறது புரியுது. ஆனா மேடை மொழி அறவே தவிர்க்கப்பட வேண்டும்னு போட்டிருக்கே? யாரு எழுதினாங்களோ, ரொம்பத் தெளிவா எழுதியிருக்காங்க.”

கன்ட்ரோல் அந்த வரியைப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லும் அவர் சொல்லிக் கொடுத்தது. காற்புள்ளி உட்பட.

“அடியேன்தான்” என்றார்.

தகுதிச் சோதனைக்கு மேலாளர் ஒரு படிவம் தயாரித்திருந்தார். மூன்று சுற்று, பத்து வண்டிகள். வண்டிகள் வயர்லெஸ் அறை ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் இடம் சொல்லப்படும். கேட்டதும் ஓட்டுநர் ஒரு தடவை ஹாரன் அடிக்க வேண்டும், காதில் விழுந்த இடத்தைத் துண்டுச்சீட்டில் எழுத வேண்டும். கன்ட்ரோல் பேச்சு வழக்கில் ஒரு சுற்று, எழுத்து மொழியில் ஒரு சுற்று. “நடுவுல ஒரு அளவுகோல் வேணும்” என்றார் மேலாளர். “நல்லா பேசத் தெரிஞ்ச ஒருத்தர், நோய் இல்லாதவர், அதே மொழியில பேசினா எத்தனை பேருக்குப் புரியுதுன்னு பார்க்கணும். அப்பதான் அறிவியல்.”

அளவுகோல் ஏற்கனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளைக்காக வாதாட மொழி வல்லுநர் என்ற முறையில் தன்னைத்தானே அழைத்துக்கொண்டு தலைமையுரை வந்திருந்தார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய மழையைப் பற்றி மேலாளருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கன்ட்ரோல் சொல்ல வாயெடுத்தார். சொல் வருவதற்குள் தலைமையுரை எழுந்துவிட்டார்.

“அப்பொறுப்பை நான் ஏற்கிறேன்.”

முதல் சுற்று. கன்ட்ரோல் பெடலை மிதித்து, இருபத்திரண்டு வருடம் பேசிய பேச்சில் பத்து இடத்தையும் சொன்னார். அவர் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. வெளியே ஹாரன் ஒன்று தயங்கி அடித்தது, கொஞ்சம் கழித்து இன்னொன்று. சீட்டுகள் வந்தன. பத்தில் இரண்டு சரி. கொட்டாவியின் சீட்டில் ‘கேக்கலண்ணே, மன்னிச்சிடுங்க’ என்றிருந்தது. அதைப் படித்துவிட்டுக் கன்ட்ரோல் மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். ஜன்னல் வழியாக எதிர்ப்புறம் சாவி அறை தெரிந்தது. கொக்கிகளும் தெரிந்தன.

இரண்டாம் சுற்று. தலைமையுரை மைக்கின் கழுத்தைத் தன் உயரத்துக்கு நிமிர்த்தினார்.

“பெருமதிப்பிற்குரிய பன்னிரண்டாம் எண் வண்டியோட்டி அவர்களே! காற்றினும் கடுகிச் செல்லும் உம் வாகனத்தை, கடமையே கண்ணாகக் கொண்டு, மக்கள் தொண்டே மகத்தான தொண்டு என்னும் உணர்வோடு, நகரின் கிழக்குத் திசையிலே…”

டக்கென்று இணைப்பு அறுந்தது. அவருக்கு அது தெரியவில்லை. அறுபடாத பேச்சு அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பத்து வண்டிகளையும் இப்படியே வாழ்த்தி முடிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பத்துச் சீட்டுகளில் ஒன்பதை மேலாளர் வாங்கிவந்து விரித்தார். பதினேழிலிருந்து சீட்டே வரவில்லை. ‘பெருமதிப்பிற்குரிய’ என்று மூன்று. ‘காத்து ஜாஸ்தி’ என்று ஒன்று. ‘கிழக்கே ஏதோ’ என்று ஒன்று. ‘எலெக்‌ஷனா?’ என்று ஒன்று. இரண்டு வெறுமையாக இருந்தன. ‘யாரோ செத்துட்டாங்க போல, யாருன்னு தெரியல’ என்று ஒன்று.

மேலாளர் படிவத்தில் பூஜ்யம் போட்டார். போட்டதை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டார். அவருடைய தரவு வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான எண் அகப்பட்டதில்லை.

மூன்றாம் சுற்று. கன்ட்ரோல் மைக்கைப் பழையபடி வளைத்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

“கன்ட்ரோல் பேசுகிறேன். வண்டி பன்னிரண்டு. கண் மருத்துவமனை. பின் வாசல். பின்.”

ஹாரன்.

“வண்டி இருபத்தொன்று. ரயில் நிலையம். இரண்டாம் நடைமேடைப் பக்கம்.”

ஹாரன்.

ஒவ்வொன்றுக்கும் எட்டு நொடிக்கு மேல் ஆகவில்லை. நெற்றியில் வியர்வை வழிந்து மூக்கு நுனியில் நின்றது. ஒன்பது ஹாரன் வந்தாயிற்று. கடைசி வண்டி பதினேழு.

“வண்டி பதினேழு. நூலகம். முன் வாசல்.”

சத்தமில்லை. மறுபடி சொன்னார். சத்தமில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தார். இரண்டாம் சுற்றின் வாழ்த்தில் கண் சொக்கிய கொட்டாவி, ஸ்டியரிங்கில் கன்னத்தை வைத்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நாலு வருடம் அந்தக் கன்னத்தின் மேல் ஊசலாடியது. கன்ட்ரோலின் கால் பெடலை ஓங்கி மிதித்தது.

“டேய் கொட்டாவி! எந்திரிடா! வண்டி மட்டுமாவது முழிச்சிருக்கா?”

இருபத்திரண்டு வருடப் பழைய குரல், ஒரு எழுத்து சிந்தாமல், பத்து வண்டியிலும் ஒரே நேரத்தில் கேட்டது. கொட்டாவி துள்ளி எழுந்த வேகத்தில் முழங்கை ஹாரனில் பட்டு நீளமாக அலறியது. மற்ற ஒன்பது ஹாரனும் சேர்ந்து அடித்தன. அதை நிறுத்த மேலாளர் வெளியே ஓட வேண்டியதாயிற்று.

கன்ட்ரோல் உடனே இன்னொரு தடவை பெடலை மிதித்து, சும்மா, ஏதாவது சொல்லிப் பார்த்தார். வரவில்லை. பழைய முனகல்தான். காலை எடுத்தார். “நூலகம்” என்றார் கையால் கியர் போட்டு. “முன் வாசல்.”

பத்தில் பத்து சரி. கொட்டாவியின் சீட்டில் ‘நூலகம், முன் வாசல், முழிச்சிட்டேண்ணே’ என்றிருந்தது.

மேலாளர் படிவத்தின் கடைசிக் கட்டத்துக்கு வந்தார். ‘ஏழாவது விதிப்படி இயல்பான பேச்சு வழக்கு: உண்டு / இல்லை.’ பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“‘டேய், எந்திரிடா’ங்கிறது பேச்சு வழக்குதானே சார்?”

“ஐயமில்லை” என்றார் கன்ட்ரோல்.

‘உண்டு’ என்பதில் டிக் விழுந்தது. பகல் ஷிப்ட் மைக் கன்ட்ரோலுக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதே சோதனை. அளவுகோல் இல்லாமல்.

இதற்குள் தலைமையுரை தன் சுற்றின் சீட்டுகளை எடுத்துப் பார்த்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. ‘யாரோ செத்துட்டாங்க போல’ என்பதை இரண்டு தடவை படித்தார். குனிந்து பெடலைக் காலால் தட்டினார். பிறகு, அவரை அறிந்த யாரும் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், கீழ்ஸ்தாயியில், புலம்பினார்:

“இந்தப் பெடல் சரியில்லப்பா. நான் மிதிக்க மிதிக்க அது பாட்டுக்கு கட்டாகுது.”

கன்ட்ரோல் அதைக் காதில் வாங்கி, பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றவிடவில்லை.

“என்னாச்சுங்க?”

“ஒலிவாங்கி என்னிடமே இருக்கிறது.”

அவள் ஒரு கணம் நோட்டீஸைப் படிப்பது போலப் பார்த்துவிட்டு, புரிந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். “எங்க அண்ணன் என்ன சொன்னாரு?”

அதைச் சொல்லத்தான் அவர் வழியெல்லாம் துடித்துக்கொண்டு வந்திருந்தார். மச்சானை மச்சான் மாதிரியே சொன்னால்தானே ருசி? தோளைத் தொங்கவிட்டார். காலால் தரையைத் தட்டினார். தலைமையுரை புலம்பிய அதே கீழ்ஸ்தாயியை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

“இந்தப் பெடல் சரியில்லப்பா. நான் மிதிக்க மிதிக்க… அது பாட்டுக்கு கட்டாகுது.”

மனைவி சிரிக்க வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கன்ட்ரோலும் நின்றார். சொன்னது பேச்சு வழக்கு. முழுசாக வந்திருந்தது. முனை கொஞ்சம் மழுங்கியிருந்தது, அவ்வளவுதான்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னார். தன் பேச்சாகப் பேசினால் வராதது, மச்சானின் பேச்சாகப் பேசினால் வந்தது. கையால் கியர் போட்டு ஓட்டினால் இந்த வண்டியும் நகரத்தான் செய்கிறது. புதன்கிழமை பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணிடம் சொல்ல வேண்டும், அவள் சிரிக்காமல் எழுதிக்கொள்வாள்.

“அப்ப வீட்ல எங்க அண்ணன் மாதிரியே பேசிட்டுப் போங்க, எனக்கென்ன” என்றாள் மனைவி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, குரலை மாற்றி, “என்னண்ணா, டீ போடட்டுமாண்ணா?” என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயய்யோ! கட்டின புருஷனை அண்ணான்னு கூப்பிட வச்சிட்டீங்களே!”

கன்ட்ரோலுக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது. குலுக்கத்தில் நடுக்கம் எது, சிரிப்பு எது என்று தெரியவில்லை. அது அடங்கும் வரை பொறுத்திருந்து, தோளை மறுபடி தொங்கவிட்டு, தலைமையுரையின் தோற்றுப்போன குரலை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“போடும்மா” என்றார். “சர்க்கரை போட மறந்துடாத.”